குல்மார்க், பிப்ரவரி: ‘மீடியம்’ பனிச்சரிவு எச்சரிக்கை, சர்க்கரைப் பனி, சரிவுக் கோணம், புதைந்தவரை எடுப்பது

#1 கார்த்தி_டூரிங்

பிப்ரவரி கடைசி வாரம் நாலு பேர் குல்மார்க் போகிறோம். நாலு பேருக்கும் டூரிங் ஸ்கி (ஸ்கியிலேயே மலையேறி இறங்குவது) நன்றாக வரும். பீக்கன் (புதைந்தவரைத் தேடும் ரேடியோ கருவி), ப்ரோப் (பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (பனி அள்ளும் மண்வாரி) ஆளுக்கொரு செட் இருக்கிறது. கோண்டோலா கேபிள் காரில் நடு நிலையமான கொங்டூரி வரை போய், அங்கிருந்து ஸ்கிக்கு அடியில் வழுக்காத ஸ்கின் பட்டை ஒட்டி அபர்வத் மலைப் பக்கம் ஏறி இறங்குவதாகத் திட்டம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

குல்மார்க் இருக்கும் பாராமுல்லா மாவட்டத்துக்கு ‘மீடியம்’ என்று பனிச்சரிவு எச்சரிக்கை வந்தால் போகலாமா, கூடாதா? பனியில் குழி வெட்டி அடுக்குகளை டெஸ்ட் செய்து அது பாஸ் ஆனால் 35 டிகிரிச் சரிவில் இறங்கலாமா? ஏர்பேக் (பனிச்சரிவில் மாட்டினால் விரியும் காற்றுப்பை) வாடகைக்கு எடுத்தே ஆகவேண்டுமா?

#2 வடமுகம்

கார்த்தி, முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன். மற்ற இரண்டும் இதற்குள்தான் அடங்கியிருக்கின்றன.

அந்த எச்சரிக்கையைப் போடுவது சண்டிகரில் இருக்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத்துறை ஆய்வு நிறுவனம். முன்பு ‘சாசே’ என்று இருந்த நிறுவனம்தான், 2020-இல் இன்னொரு ஆய்வகத்தோடு இணைப்பு நடந்து பெயர் மாறியது. மாவட்டத்தின் பெயர், எத்தனை மீட்டருக்கு மேல், அடுத்த 24 மணி நேரம், அபாய அளவு. அதில் இருப்பது இவ்வளவுதான். ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரு சொல். நீங்கள் நிற்கப்போகும் சரிவு கிழக்கு பார்த்ததா வடக்கு பார்த்ததா, நேற்றுக் காற்று எந்தப் பக்கம் அடித்தது, அடியில் என்ன கிடக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்காது. ஆகவே ‘ஹை’ என்றால் போகாதீர்கள். ‘மீடியம்’ என்றால் வேலை இனிமேல்தான் தொடங்குகிறது.

அடியில் என்ன கிடக்கிறது என்பதுதான் காஷ்மீரில் பெரிய கேள்வி. டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லை கலான் 40 நாளும் கடுங்குளிர். பனி குறைவாக விழுந்த வருடத்தில் இந்தக் குளிர் இன்னும் மோசமான வேலை பார்க்கும். தரை கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும். தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பு மைனஸ் 15-க்குப் போகிறது என்று வையுங்கள். பனி 150 செ.மீ. கிடந்தால் 10 செ.மீட்டருக்கு 1 டிகிரி வித்தியாசம். 50 செ.மீ. மட்டுமே கிடந்தால் 10 செ.மீட்டருக்கு 3 டிகிரி. 10 செ.மீட்டருக்கு 1 டிகிரியைத் தாண்டினாலே, அடியிலிருந்து நீராவி மேலே ஏறிப் பனித்துகள்களைக் கோணல்மாணலான படிகங்களாக மாற்றத் தொடங்கிவிடும். படிகங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. இதைத்தான் சர்க்கரைப் பனி என்கிறோம். கையில் அள்ளி இறுக்கிப் பாருங்கள். நல்ல பனி கொழுக்கட்டை மாவு மாதிரி பிடிபடும். இது வறுத்த ரவை மாதிரி விரலிடுக்கில் வழிந்துவிடும்.

இதன்மேல் மேற்கத்தியக் கலக்கம் (மேற்கிலிருந்து மழை, பனி கொண்டுவரும் வானிலை அமைப்பு) ஒன்று வந்து இரண்டு நாளில் 60, 70 செ.மீ. கொட்டுகிறது. காற்றும் சேர்ந்து அதை இறுக்கிப் பலகையாக்கிவிடும். ரவைமேல் வைத்த பலகை. இதற்கு ஸ்லாப் என்று பெயர். ஒருவர் எடை போதும், ரவை அடுக்கு நொறுங்கும். நொறுங்கல் சரிவின் குறுக்கே ஓடும், பலகை முழுசாகக் கழன்று வரும். உதிரிப் பனி ஒரு புள்ளியில் தொடங்கி முக்கோணமாக விரியும். ஸ்லாப் அப்படியல்ல. நிற்பவரின் தலைக்கு மேலேயே குறுக்காக விரிசல் விடும். அவர் ஏற்கெனவே பலகையின் நடுவில் இருப்பார்.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பெரும்பாலான நாள் குல்மார்க் புல்வெளியில் பனியே இல்லை. பிப்ரவரியில் சேர்த்துவைத்துக் கொட்டியது. 22-ஆம் தேதி வந்த பனிச்சரிவில் வெளிநாட்டு ஸ்கி வீரர் ஒருவர் இறந்தார். அதற்கு முந்தைய வருடம் பிப்ரவரி 1 அன்று அபர்வத் ஹபத்குட் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர். ‘இந்த வருஷம் பனி குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு’ என்ற கணக்கு இங்கே தலைகீழ்.

#3 சமவரைக்கோடு

வடமுகம் சொன்னதோடு கோணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுக்கு கண்ணுக்குத் தெரியாது, கோணம் தெரியும். ஸ்லாப் பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்பும், 38-ஐ ஒட்டித்தான் அதிகம். ஸ்கிக்கு இன்பமான சரிவும் அதே கோணம்தான், அதுதான் சங்கடம்.

வீட்டிலேயே செய்யக்கூடியது: 1:50,000 வரைபடம், சமவரைக்கோட்டு இடைவெளி 40 மீட்டர் என்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவே 1.4 மி.மீ. இருந்தால் 30 டிகிரி. 1.1 மி.மீ. என்றால் 35. 1 மி.மீட்டருக்கும் குறைந்தால் 40-ஐத் தொட்டுவிட்டது. செல்பேசி மேப்களில் வரும் சரிவு நிறமும் இதே கணக்குத்தான். ஆனால் இரண்டு கோட்டுக்கு நடுவே 15 மீட்டர் உயரத்தில் ஒரு செங்குத்து மேடு ஒளிந்திருக்கலாம். எந்த மேப்பும் அதைக் காட்டாது. 15 மீட்டர் சரிவு ஒருவரைப் புதைக்கப் போதும்.

களத்தில்: ஸ்கி கம்பைச் சரிவின் போக்கில் பனிமேல் படுக்க வையுங்கள். செல்பேசியை அதன்மேல் வைத்துக் கோணம் பாருங்கள். வெறும் பனிமேல் வைத்தால் சின்ன மேடுபள்ளம் கோணத்தை ஏமாற்றும், கம்பு 1.2 மீட்டருக்குச் சராசரி எடுத்துக் கொடுக்கும்.

நிற்கும் இடம் 15 டிகிரி என்று நிம்மதி அடையவும் முடியாது. மேலே சரிவு எங்கே தொடங்குகிறதோ அந்த விளிம்பை அண்ணாந்து பாருங்கள். அந்தப் பார்வைக் கோணம் 25-க்கு மேல் என்றால் பனிச்சரிவு வந்து நிற்கும் பாதையில்தான் இருக்கிறீர்கள். பெரியவை 18, 20 வரைக்கும் எட்டும். சாப்பாட்டுக்கு உட்காருவது, ஸ்கின் கழற்றுவது, ஆளுக்காகக் காத்திருப்பது எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கவேண்டும்.

#4 தாவோஸ்வாசி

நான் எழுதுறது சுவிஸில இருந்து. இஞ்ச எஸ்.எல்.எஃப். எண்ட பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தாவோஸில இருந்து குளிர்காலத்தில ஒவ்வொரு நாளும் பின்னேரம் 5 மணிக்கும் காலமை 8 மணிக்கும் அறிக்கை விடுது. அஞ்சு படி அளவு. எந்தத் திசை பார்த்த சரிவு, எத்தின மீட்டருக்கு மேல, பிரச்சினை புதுப்பனியோ, காற்றுப்பனியோ, பழைய பலவீன அடுக்கோ, ஈரப்பனியோ எண்டு பிரிச்சுச் சொல்லும். இவ்வளவு இருந்தும் ஆக்கள் சாகிறது பெரும்பாலும் 3-ஆம் படியிலதான். 4, 5 எண்டால் ஒருத்தரும் போகமாட்டினம். 3 எண்டால் ‘நடுவில தானே’ எண்டு நினைக்கினம். நடுவில இல்லை. 2-ஐ விட 3 பல மடங்கு, ஏணிப்படி போல ஒரே அளவில ஏறுற கணக்கில்லை இது.

கார்த்தி, ‘மீடியம்’ எண்ட சொல்லை அதே மாதிரித்தான் நீங்கள் வாசிக்கிறியள் எண்டு எனக்குப் படுது.

குல்மார்க்கில அறிக்கை மெல்லிசாக இருக்கிறபடியால், அந்த நாலு பிரிவையும் நீங்களே நிரப்ப வேணும். புதுப்பனி: 24 மணித்தியாலத்தில 30 செ.மீ. விழுந்திருந்தால் அதுவே காணும், செங்குத்தை விட்டிடுங்கோ. காற்று: காற்று வாற பக்கம் பனியைச் சுரண்டி மறைவுப் பக்கத்தில கொட்டும். வானத்தில இருந்து விழுறதை விட பல மடங்கு வேகத்தில சேரும். நீல வானம், ஒரு துளி பனியும் விழயில்லை, ஆனால் முகட்டில வெள்ளைக் கொடி போல பனி பறக்குது எண்டால் மறைவுப் பக்கம் அப்பவும் பாரம் ஏறிக்கொண்டுதான் இருக்கு. தட்டினால் முரசு போல வெறுமையான சத்தம், மேல் மங்கல், கம்பு குத்தினால் முதலில இறுக்கம் பிறகு திடீரெண்டு இளக்கம்: அது காற்றுப் பலகை.

பலவீன அடுக்குப் பிரச்சினை எண்டால் நாள் எண்ணிக் காத்திருந்து தீராது. புதுப்பனி இரண்டு மூண்டு நாளில அமரும். சர்க்கரைப் பனி வாரக்கணக்கில, சிலவேளை பருவம் முழுக்கக் கிடக்கும். இருபது பேர் இறங்கின தடம் இருந்தாலும் இருபத்தோராவது ஆள் மெல்லிசான இடத்தில மிதிச்சால் வரும்.

#5 கார்த்தி_டூரிங்

புரிகிறது அண்ணா. அப்படியானால் குழி வெட்டுவதே வீணா? அடுக்கைக் கண்ணால் பார்க்க அது ஒன்றுதானே வழி?

#6 வடமுகம்

வீணில்லை தம்பி. ஆனால் எதற்கு என்று தெரிந்து வெட்டவேண்டும். முறையைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நீங்கள் இறங்க நினைக்கும் திசையையே பார்த்த, ஆனால் கோணம் குறைந்த, மேலே எதுவும் தொங்காத இடம். முதலில் ப்ரோப்பால் ஆழம் பாருங்கள். ஒரே இடத்தில் குத்தாமல் ஐந்தாறு இடம். சராசரி ஆழமுள்ள இடத்தில் 1.2 மீட்டர் வரை வெட்டுங்கள். மேல்பக்கச் சுவரை ஷவலால் சீவிக் கண்ணாடி மாதிரி நேராக்குங்கள். பிறகு மேலிருந்து கீழே கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். முதலில் முஷ்டி, பிறகு நான்கு விரல், ஒரு விரல், பென்சில். முஷ்டியே சுலபமாக உள்ளே போகும் அடுக்கு, விரல்தான் போகும் இறுகிய அடுக்குக்குக் கீழே இருந்தால் அங்கே நிறுத்துங்கள். அந்த இடத்துப் பனியைக் கறுப்புக் கையுறையில் தூவிப் பாருங்கள். 2, 3 மி.மீ. அளவில் பளபளக்கும், ஓரத்தில் வரிவரியாகக் கோடு விழுந்த, கிண்ணம் கவிழ்த்த மாதிரிப் படிகங்கள் தெரிந்தால் சர்க்கரைப் பனி முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து நீள்தூண் சோதனை. சரிவுக்குக் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளந்து, நான்கு பக்கமும் தூணைத் தனியாகப் பிரியுங்கள். பின்பக்கத்தை முடிச்சுப் போட்ட கயிற்றால் அறுத்துவிடலாம். ஒரு ஓரத்தில் ஷவல் தகட்டைக் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. விரிசல் தட்டிய ஓரத்தோடு நின்றுவிடுகிறதா, அல்லது அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ 90 செ.மீட்டரும் தாண்டி மறு ஓரம் வரை ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஓடினால் அன்றைக்கு அந்தத் திசையில் 30 டிகிரிக்கு மேல் எதுவும் கிடையாது. எத்தனையாவது தட்டு என்பது இரண்டாம் பட்சம்.

இனி உங்கள் கேள்வி. ஓடவில்லை என்றால் 35-இல் இறங்கலாமா? கூடாது. நீங்கள் சோதித்தது கால் சதுர மீட்டர். இறங்கப்போவது ஆயிரக்கணக்கான சதுர மீட்டர். பாறை ஒன்றுக்குப் பக்கத்தில் பனி 40 செ.மீ., பத்தடி தள்ளி 140. ஒரு குழியில் நின்ற விரிசல் இன்னொரு குழியில் ஓடும். தவிர, ஒரு மீட்டருக்குக் கீழே இருக்கும் அடுக்கைத் தட்டு எட்டவே எட்டாது. மோசமான முடிவு வந்தால் நம்பித் திரும்புங்கள். நல்ல முடிவு வந்தால், ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்ற அதைச் சாக்காக்காதீர்கள்.

குழியைவிட உரத்துப் பேசும் சாட்சிகள் மூன்று: அதே திசைச் சரிவில் புதிதாக வந்த பனிச்சரிவு, ஸ்கி முனையிலிருந்து கண்ணாடி மாதிரி ஓடும் விரிசல், காலுக்கடியில் ‘தும்’ என்று அடங்கிய ஓசையோடு பனி உட்காருவது. மூன்றில் ஒன்று வந்தாலும் குழி வெட்ட வேண்டியதில்லை. சமதளத்தில் கேட்ட ‘தும்’ கூட 100 மீட்டர் தள்ளியுள்ள சரிவைக் கழற்றிவிடும்.

அந்தப் பலகையின் எடையை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மீட்டர் அகலம், 80 மீட்டர் நீளம், 60 செ.மீ. கனம். 2,400 கன மீட்டர். கன மீட்டருக்கு 200 கிலோ வைத்தாலும் 480 டன். மலையில் இதைச் சின்னது என்று பேசுவார்கள்.

#7 நிலா_மலை

ஒரு சந்தேகம். சியாச்சினில் 2016-இல் புதைந்த வீரர் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டாரே. பிறகு ஏன் எல்லாரும் புதைந்தவரை 15 நிமிஷத்துக்குள் எடுக்கவேண்டும் என்கிறார்கள்?

#8 ப்ரோப்_240

அது பிப்ரவரி 3, 2016. 19-வது மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியனின் சோனம் காவல் நிலை, 19,600 அடி. பத்துப் பேர் புதைந்தார்கள், தமிழ்நாட்டு வீரர்களும் அதில் உண்டு. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு கிடைத்தார், பிப்ரவரி 11-இல் டெல்லியில் இறந்தார். அவர் இருந்தது கூடாரத்துக்குள். சுற்றிலும் காற்று இடம் இருந்தது. ஸ்கியோடு புரண்டுபோய்ப் புதைபவருக்கு முகத்தைச் சுற்றி அந்த இடம் இருக்காது. ஓடும்போது தண்ணீர் மாதிரி இருக்கும் பனி, நின்ற அடுத்த கணம் காரை மாதிரி இறுகும். விரலைக்கூட மடக்க முடியாது. விட்ட மூச்சே திரும்பத் திரும்ப உள்ளே போகும். முதல் 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான் பிழைப்பார் என்பது கணக்கு. குல்மார்க் கீழிருந்து மீட்புக்குழு மேலே வரும்போது அந்த அரை மணி போயிருக்கும். ஆகவே மீட்புக்குழு என்றால் உங்களோடு இருக்கும் மீதி மூன்று பேர்தான்.

மூன்று பேர் செய்யவேண்டியது:

கடைசியாக ஆளைப் பார்த்த இடத்தில் கண்ணை வையுங்கள். மேலே இன்னொரு பலகை தொங்குகிறதா பாருங்கள். பிறகு மூன்று பேருமே பீக்கனை ‘தேடு’ நிலைக்கு மாற்றுங்கள். இங்கேதான் பெரும்பாலும் சொதப்பும். ஒருவர் ‘அனுப்பு’ நிலையிலேயே விட்டுவிட்டால் மற்ற இருவரும் அவரையே தேடி ஓடுவார்கள். செல்பேசி, ஹெட்லாம்ப், சூடேற்றும் கையுறை எல்லாம் தேடும் பீக்கனிலிருந்து 50 செ.மீ. தள்ளி. அனுப்பும்போது 20 செ.மீ. பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, பக்கத்து மின்கருவி இரைச்சல் அதைக் குழப்பும்.

கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து கீழ்நோக்கி, 40 மீட்டர் அகலக் கீற்றாகத் தேடுங்கள். உங்கள் கருவியின் கீற்று அகலம் கையேட்டில் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் கையுறை, கம்பு வெளியே தெரிந்தால் இழுத்துப் பாருங்கள். முதல் சிக்னல் வந்ததும் அம்புக்குறி வழியே போங்கள். அது வளைந்துதான் போகும், காந்தக் கோடு அப்படி. 10 மீட்டருக்குள் வந்ததும் நடையைத் தளர்த்துங்கள். 3 மீட்டருக்குள் பீக்கனைப் பனியோடு ஒட்டிக் கீழே வைத்து, திருப்பாமல், சாய்க்காமல், கூட்டல் குறி போல நேராகவும் குறுக்காகவும் நகர்த்துங்கள். மிகக் குறைந்த எண் வரும் இடத்தில் ப்ரோப். பனியின் மேற்பரப்புக்குச் செங்குத்தாகக் குத்தவேண்டும், வானத்துக்குச் செங்குத்தாக அல்ல. சரிவில் இந்த இரண்டுக்கும் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மீட்டர் வித்தியாசம் வரும். கிடைக்கவில்லை என்றால் 25 செ.மீ. விட்டு விட்டுச் சுருள் வட்டமாக. பட்டதும் ப்ரோப்பைப் பிடுங்காதீர்கள்.

தோண்டுவதுதான் நேரம் தின்னும். ஒரு மீட்டர் ஆழத்துக்கே ஒரு டன் போல அள்ளவேண்டிவரும். ப்ரோப்புக்கு நேர் மேலே நின்று கிணறு வெட்டினால் அவர் மூச்சிடத்தின் மேலேயே மிதிக்கிறீர்கள். புதைந்த ஆழம் ஒரு மீட்டர் என்றால் ஒன்றரை மீட்டர் கீழ்ச்சரிவில் தொடங்கிப் பக்கவாட்டாக உள்ளே போங்கள். முன்னால் ஒருவர் கட்டி கட்டியாக வெட்ட, பின்னால் இருவர் துடுப்புப் போடுவது போலக் கீழே தள்ளவேண்டும். பனியைத் தூக்கி வீசாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கொரு தரம் ஆள் மாற்றுங்கள். பிளாஸ்டிக் ஷவல் வேண்டாம், இறுகிய பனியில் உடைந்துபோகும். முகம் தெரிந்ததும் முதல் வேலை வாய், மூக்கு, பிறகு நெஞ்சின் மேலுள்ள பாரம். மூச்சு இல்லையென்றால் செயற்கை மூச்சும் சேர்த்தே சி.பி.ஆர்.

ஏர்பேக் கேட்டிருந்தீர்கள். பெரிய பொருள் மேலே மிதக்கும் என்ற தத்துவம்தான், டப்பாவைக் குலுக்கினால் பெரிய கடலை மேலே வருவதைப் போல. விரித்தவர்களில் இறப்பு பாதியாகக் குறைகிறது. மரத்தில் மோதினாலோ, குறுகலான ஓடைக்குள் தள்ளப்பட்டாலோ உதவாது. வாயு சிலிண்டர் வகையானால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். நாலு பேருக்கும் பணம் இல்லையென்றால் அந்தப் பணத்தில் பீக்கன் பயிற்சிக்கு இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள் என்பேன்.

#9 கார்த்தி_டூரிங்

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டோம். மேலே அபர்வத் கிண்ணச் சரிவுகளை விட்டுவிட்டு, குல்மார்க்கிலிருந்து பாபா ரேஷி பக்கம் காட்டுக்குள் 25 டிகிரிக்குள் இறங்குவது. பனி போதாவிட்டால் கொங்டூரிக்குக் கீழேயே பயிற்சி. இதில் விட்டுப்போனது ஏதாவது?

#10 சமவரைக்கோடு

காட்டுக்குள் ஓடைகளைக் கவனியுங்கள். மரம் இருக்கிறது என்பதால் பாதுகாப்பு இல்லை. ஸ்கியில் நுழைய முடியாத நெருக்கம் இருந்தால்தான் மரம் பனியைப் பிடித்து நிறுத்தும். காட்டின் நடுவே நேர்க்கோடாக மரமில்லாத பட்டை ஒன்று இறங்கினால், மரங்களில் மேல்சரிவைப் பார்த்த கிளைகள் மட்டும் ஒடிந்திருந்தால், அது பனிச்சரிவு வழக்கமாக வரும் தடம். குறுக்கே கடந்துதான் ஆகவேண்டுமென்றால் ஒருவர் பின் ஒருவராக, அடுத்த பாதுகாப்பான இடம் வரை ஒரே மூச்சில். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டில் திரௌபதி கா டண்டாவில் பனிச்சரிவு ஒரே சமயத்தில் பலரை வாரிக்கொண்டு போனது. அப்போதைய தேடலில் 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவில்லை.

#11 தாவோஸ்வாசி

பிப்ரவரிக் கடைசி எண்டால் வெயிலையும் சேருங்கோ. தெற்கும் கிழக்கும் பார்த்த சரிவில, ராத்திரி வானம் வெளிச்சு உறைஞ்சிருந்தால் காலமை இறுக்கமாக இருக்கும். மேகம் மூடின ராத்திரி எண்டால் உறையாது, காலமையே விட்டிடுங்கோ. பாறைக்குக் கீழ இருந்து பனி உருண்டை தானாக உருளத் தொடங்கினால், பூட்ஸ் கணுக்கால் வரை ஈரத்தில புதைஞ்சால், அந்தப் பக்கத்தை விட்டு வரவேணும். மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை.

#12 ப்ரோப்_240

தொடர்பு விஷயம் ஒன்று. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. நாலு பேரில் இரண்டு பேராவது போஸ்ட்பெய்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டிலைட் மெசஞ்சர் வைத்திருக்கும் நண்பரிடம் இரவல் வாங்காதீர்கள், அனுமதி இல்லாமல் இந்தியாவில் அது சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பீக்கனில் கையேடு சொல்லும் பேட்டரி மட்டும். பெரும்பாலான கருவிகளுக்கு அது ஆல்கலைன். ரீசார்ஜபிள் போட்டால் சார்ஜ் சதவீதம் தவறாகக் காட்டும், குளிரில் திடீரென்று நின்றுபோகும். ஊர் திரும்பியதும் பேட்டரியைக் கழற்றி வைக்கவேண்டும், சென்னை வெயிலில் கசிந்து முனையை அரித்துவிடும்.

காலையில் கிளம்பும்போது: ஒருவர் 20 மீட்டர் முன்னால் போய் ‘தேடு’ நிலையில் நிற்கட்டும். மற்ற மூவரும் ‘அனுப்பு’ நிலையில், இடைவெளி விட்டு, ஒவ்வொருவராக அவரைக் கடந்து போகவேண்டும். கடைசி ஆள் போனதும் அவர் தன் கருவியை ‘அனுப்பு’க்கு மாற்றி, மூவரில் ஒருவர் அதைத் ‘தேடு’ நிலையில் சோதிக்கவேண்டும். பிறகு அவரும் திரும்ப ‘அனுப்பு’க்கு மாறவேண்டும், இந்தக் கடைசி மாற்றம்தான் மறந்துபோகும். ஜாக்கெட் ஜிப்பை ஏற்றுவதற்கு முன் நாலு பேரும் தங்கள் தங்கள் திரையைப் பார்த்து ‘அனுப்பு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

#13 கார்த்தி_டூரிங்

குறித்துக்கொண்டேன் அண்ணா. இந்த ஞாயிறு பெசன்ட் நகர் மணலில் பீக்கனைப் புதைத்துத் தேடிப் பழகலாம் என்றிருக்கிறோம். உபயோகப்படுமா?

#14 ப்ரோப்_240

படும். பையில் போட்டு ஒரு முழ ஆழத்தில் புதையுங்கள், ‘அனுப்பு’ நிலையில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு. புதைப்பவர் ஒருவர், தேடுபவர் வேறு ஒருவர். மின்கம்பம், வண்டி நிறுத்துமிடம், கம்பி வேலி பக்கத்தில் வேண்டாம். தொடக்கத்திலிருந்து ப்ரோப் படும் வரை 4 நிமிடத்துக்குள் வரும் வரைக்கும் செய்யுங்கள். ஸ்கி கையுறை போட்டுக்கொண்டே செய்யவேண்டும். சென்னையில் வியர்க்கும், இருந்தாலும் கழற்றாதீர்கள். பட்டனை அந்தக் கையுறையோடு அழுத்த முடிகிறதா என்பது கடற்கரையிலேயே தெரிந்துவிடும்.